மச்சான் பிடித்த கொடி

கொடி இறுகிருச்சு. கூத்தன் பாறை விளிம்பைத் தாண்டிட்டான். இனிமே அவன் முகம் எனக்குத் தெரியாது, முதுகு தெரியாது, கனம் ஒண்ணுதான் தெரியும். கொடி அவன் இடுப்பிலேருந்து மேலே ஏறி, பாறை அறுக்காம இருக்க வெள்ளச்சி பரப்பி வச்ச தழைமெத்தை மேலே வந்து, வேங்கை மரத்தை ஒரு சுத்து சுத்தி, என் இடுப்பையும் ஒரு சுத்து சுத்தி, என் ரெண்டு கையில முடியுது. நான் மரத்துக்குப் பின்னால வேர்ல குதிகாலை ஊணி நிக்கிறேன். நெகிழ்த்தினா இறங்குவான். இறுக்கினா நிப்பான். விட்டா. இல்லை, அதை நினைக்கக் கூடாது. உள்ளங்கையில கொடியோட முறுக்கை மட்டும் நினை. நல்ல முறுக்கு. வெள்ளச்சி முறுக்கின கொடி, ஒரு இடத்துல தடிச்சு ஒரு இடத்துல மெலிஞ்சு போகாத கொடி. வெள்ளச்சி என் தங்கச்சி, கூத்தனுக்குப் பொஞ்சாதி. விளிம்புல குப்புறப் படுத்துத் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு, எனக்குக் கண்ணா இருக்கிறா. "இன்னும் ஒரு முழம் விடு அண்ணே. போதும். கால் பதிச்சுட்டாரு." அவ குரல்ல நடுக்கமே இல்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ப்பாறையில, துரை நிக்கிறார். மூணு கால்ல நிக்கிற, படம் பிடிக்கிற அவரோட மரப்பொட்டியும், அதுமேல கறுப்புத் துணியும், மரத்துக்கு இந்தப் பக்கம் தலையைச் சாய்ச்சா எனக்குத் தெரியுது. இந்தப் பாறையில, எங்க பக்கத்துல நிழல் பார்த்து உட்கார்ந்திருக்கிறது காட்டிலாகா கார்டு அழகிரி. துரை அங்கேருந்து கைக்குட்டையை ஆட்டினா இவரு இங்கேருந்து எங்களை ஏவணும், அதுதான் ஏற்பாடு.

பகல்ல யாரு பெருந்தேனீகிட்டப் போவா? நிலா இல்லாத ராத்திரி, புகைப்பந்தம், பாட்டு, அப்படித்தான் எங்க ஆளுங்க தேனெடுப்பாங்க. பகல்ல அந்த ஈ கண்ணுல பட்டதைக் கொல்லும், புலியைக்கூட ஆத்துக்குள்ள விரட்டி முக்கிரும். அதையெல்லாம் கார்டுகிட்டச் சொன்னோம். கார்டு துரைகிட்டச் சொன்னாரு. துரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, இருட்டுல பொட்டிக்குக் கண்ணு தெரியாது, வெயில்லதான் தெரியும்னு சொன்னாராம். அப்ப கூத்தன், "சரிங்க, பகல்லயே இறங்குறேன்" அப்படின்னான். கார்டு போனப்புறம் வெள்ளச்சிகிட்ட மெதுவாச் சொன்னான், என் காதுல விழட்டும்னு சொன்னானோ என்னமோ: "இடப்பக்கம் இருக்கிறது வெறும் அடை. ஈ எந்திரிச்சுப் போயி ரொம்ப நாளாச்சு. அம்புட்டுத் தூரத்துலேருந்து பொட்டிக்கு ஈ இருக்குதா இல்லையான்னா தெரியப்போகுது? அதுகிட்டத் தொங்குறேன், படம் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்." அட, கெட்டிக்காரன். முடியாதுன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரிச் சொல்லவும் இல்லை, சாகவும் இல்லை, துரை மனசும் நோகலை. கெட்டிக்காரன்னு நினைச்ச உடனே எனக்கு எரிச்சல் வந்துச்சு. இவனை மெச்சுறதுக்கா நான் ஆறு தாண்டி வந்தேன்? எதுக்கு வந்தேன்? கொடி பிடிக்க வந்தேன். பிடி. பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன்.

ரெண்டு தேன் பருவமா நான் இவன்கூடப் பேசலை. நான் என் சரிவுல, இவங்க இவங்க சரிவுல, நடுவுல கருந்தண்ணியாறு. முந்தாநாள் வெள்ளச்சி தன்னந்தனியா ஆத்தைத் தாண்டி வந்து என் அடுப்புக்கு எதிர்ல உட்கார்ந்தா. நான் சுட்ட கிழங்கைத் தள்ளி வச்சேன். தோலை உரிச்சு உரிச்சு நிதானமாத் தின்னா. தின்னு முடிச்சுக் கையைத் தட்டிட்டு, "கொடி பிடிக்க ஆளு வேணும்" அப்படின்னா. யாருக்குன்னு சொல்லலை. சொல்லணுமா? தேன்பாறையில இறங்குறவனுக்குக் கொடி பிடிக்கிறவன் பொஞ்சாதியோட கூடப்பிறந்தவனாத்தான் இருக்கணும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்க மாட்டான். தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுன்னு நினைக்கிறவன் கைதான் கடைசிவரைக்கும் விடாதுன்னு முன்னோருங்க கணக்கு. நல்ல கணக்கு. ஆனா எங்க பக்கத்துல இன்னொரு பேச்சும் உண்டு. பிடிக்கிறவன் நெஞ்சுல காந்தல் இருந்தா கொடிக்குத் தெரிஞ்சிரும், தானா அறுந்துரும்னு. அதுக்குத்தான் இறங்குறதுக்கு முன்னாடி பாறையாத்தா கல்லுமேல உள்ளங்கையை வச்சு, "நெஞ்சுல ஒண்ணுமில்லை ஆத்தா"ன்னு சொல்லணும். இன்னைக்குக் காலையில நானும் கையை வச்சேன். கல்லு சில்லுன்னு இருந்துச்சு. உதட்டை அசைச்சேன். சத்தம் வரலை. வரலையா, வர விடலையா? வெள்ளச்சி கவனிக்கலை. கூத்தன் குனிஞ்சு கொடியை இடுப்புல கட்டிக்கிட்டு இருந்தான். கவனிச்சிருப்பானோ? கவனிச்சும் இறங்கினானோ? அப்படின்னா இவன் என்ன மனுசன்! ஆத்தாவுக்குத் தெரியும். ஆத்தா என் உள்ளங்கைக்குக் கீழேதானே இருந்தா. கொடி கிறீச்சுங்குது. மரத்துல உராயுற சத்தம்தான். அறுந்துபோற சத்தம் வேற மாதிரி இருக்கும். எப்படி இருக்கும்? நான் கேட்டதில்லை. கொடி அறுந்துருமோன்னு பயமில்லைடா சடையா, உண்மையைச் சொல்லு. கொடி அறாது. உன் கைதான். படுத்துத் தூங்காம கிடந்த ராத்திரியிலெல்லாம் இந்தக் கை எத்தனை தடவை இவனைப் பிடிச்சுத் தள்ளியிருக்கு. மனசுக்குள்ள செஞ்சு பழகின கை, இப்ப நான் அசந்த நேரத்துல தானா விரிஞ்சிருச்சுன்னா? விரலைப் பார்க்கிறேன். விரல் என் விரலாத்தான் இருக்கு. வெளுத்துப் போயி இறுகிக் கிடக்கு.

"அண்ணே, வெறும் அடைகிட்டப் போயிட்டாரு. இடுப்புக்கூடையைச் சரி பண்றாரு, நெசமாத் தேனெடுக்கிறவரு கணக்கா." வெள்ளச்சிக்குச் சிரிப்பு வருது. இப்படி ஒரு நேரத்துலயும் சிரிக்கத் தெரிஞ்சவ. நேத்து குடிசைப் பக்கம் இதே துரை பொட்டியை நிறுத்தி எல்லாரையும் படம் பிடிச்சாரு. கிழங்கு தோண்டுற குச்சியோட நிக்கச் சொன்னாரு, தீக்கடையச் சொன்னாரு, பிள்ளைகளை வரிசையா உட்காரச் சொன்னாரு. பிள்ளைக ஒண்ணை ஒண்ணு கிள்ளிக்கிட்டுச் சிரிச்சதுல எல்லாப் படமும் ஆடிப்போயிருக்கும். கார்டு ஒரு கட்டு இலையைக் கொண்டாந்து வெள்ளச்சிகிட்ட நீட்டினாரு. "சீலையை அவுத்துட்டு இதைக் கட்டிக்கிட்டு நிக்கணுமாம். காட்டு ஆளுன்னா இலைதான் கட்டணும்னு துரை நெனப்பு." வெள்ளச்சி இலையை வாங்கி மோந்து பார்த்தா. "இது ஆடு திங்கிற தழை. ஆட்டை நிக்க வச்சுப் படம் எடுக்கச் சொல்லுங்க. நான் சீலையோடதான் நிப்பேன்." கார்டுக்கு முகம் செவந்திருச்சு. துரை என்ன என்னன்னு கேட்டாரு. கார்டு பாதியை முழுங்கிட்டு ஏதோ சொன்னாரு. ஆனா வெள்ளச்சி இலையைக் கொண்டுபோயி ஆட்டு வாயில வச்ச விதத்துலயே துரைக்குப் புரிஞ்சிருச்சு. தாடி குலுங்கச் சிரிச்சாரு. சீலையோடயே எடுத்தாரு. நல்ல மனுசன்தான். அப்புறம் தெக்குச் சரிவு முத்தனோட பொஞ்சாதி, "நிழலைப் பிடிச்சுக்கிட்டுப் போறாராமே, நமக்கு ஒண்ணும் ஆகாதா?"ன்னு பயந்தா. "ஒரு நிழல் போனா என்னடி, நாளைக்கு வெயில் வந்தா வேற நிழல் விழப்போகுது" அப்படின்னா வெள்ளச்சி. இந்தப் பேச்செல்லாம் எங்கேருந்து வருதோ அவளுக்கு. பாறையாத்தா கல்லையும் படம் பிடிக்கணும்னு துரை கேட்டப்ப, அதை நாங்க சொல்ல முடியாது, ஆத்தாகிட்டத்தான் கேக்கணும்னு கூத்தன் புளியங்கொட்டையை அள்ளினான். ரெட்டை விழுந்தா சரி, ஒத்தை விழுந்தா வேண்டாம். அள்ளிப் போட்டான், ஒத்தை. துரைக்காக இன்னொரு தடவை அள்ளிப் போட்டான், ஒத்தை. துரை பொட்டி மேலே துணியைப் போட்டு மூடி, தூக்கிக்கிட்டு நகர்ந்துட்டாரு. தொப்பியைக் கழட்டிட்டு நகர்ந்தாரு. இம்புட்டு மரியாதை தெரிஞ்ச மனுசனுக்குப் பகல்ல பெருந்தேனீ என்ன செய்யும்னு மட்டும் ஏன் விளங்கலை? அவரு ஊர்ல ஈ சாதுவா இருக்குமோ.

அவளும் இருந்திருந்தா சிரிச்சிருப்பா. என் பொஞ்சாதி. பேரைச் சொல்ல மாட்டேன், போனவங்க பேரை நாங்க சொல்றதில்லை. அவளுக்கும் வெள்ளச்சிக்கும் ஒரு பேச்சுக் கிடைச்சாப் போதும், சிரிப்பு அடங்க அந்தி ஆயிரும். நெத்தியில கரடி கீறின தழும்பு, சிரிக்கும்போது அது மேலே ஏறும். ரெண்டு பருவத்துக்கு முந்தின மழைக்காலத்துல அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. உடம்பு நெருப்பு மாதிரி. தேக்கிலையில தண்ணி கொண்டாந்து கொடுத்தா ரெண்டு வாய் குடிச்சுட்டு, "மழை விட்டுச்சா?"ன்னு கேப்பா. விடலை. கூத்தன் மேலே சாமி வரும். வந்தா எந்த வேரு, எந்தப் பட்டைன்னு சொல்லும். அவன் கைபட்டுப் பிழைச்சவங்க இந்த மலையில நிறைய. அக்கரைக்குப் போன ஒருத்தன்கிட்டச் சேதி சொல்லி விட்டேன். ஓடியா, அவ கிடக்குறான்னு. அவன் வரலை. மழை மட்டும் வந்துச்சு. விடிஞ்சுது, பொழுது அடைஞ்சுது, விடிஞ்சுது. "மழை விட்டுச்சா?" விடலை தாயி. அப்புறம் அவ கேக்கவே இல்லை. புதைச்சேன். ஈரக் கூரைமேல தீயை வச்சுட்டுக் குடிசையை விட்டு எந்திரிச்சுப் போயிட்டேன், செத்த இடத்துல இருக்கக் கூடாதுன்னு. பெறகுதான் காதுல விழுந்துச்சு, கூத்தன் அப்ப கார்டோட போயி ஒரு துப்பாக்கித் துரைக்குச் சாமான் சுமந்துக்கிட்டு இருந்தான்னு. சாமான்! அவ மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடக்க, இவன் துரையோட கூடாரக்கம்பைத் தூக்கிக்கிட்டு நடந்தான். வெள்ளச்சி ஒரு தடவை வந்து, "அண்ணே, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா"ன்னு வாயைத் திறந்தா. நான் எந்திரிச்சுப் போயிட்டேன். எங்க ஆளுங்க அப்படித்தான், கோவம் வந்தா அடிக்க மாட்டோம், கத்த மாட்டோம், எந்திரிச்சுப் போயிருவோம். நான் போயிக்கிட்டே இருந்தேன்.

"டேய் சடையா!" கார்டு எந்திரிச்சு நிக்கிறாரு. எதிர்ப்பாறையில கைக்குட்டை ஆடுது, வலப்பக்கமா ஆடுது. "அந்த இடத்துல வெயில் விழலை போல. நிழலா இருக்கு. வலப்பக்கம் நகரச் சொல்லு." வலப்பக்கம் இருக்கிறது உயிர் அடை. எருமைத்தோலை விரிச்சுத் தொங்கவிட்ட மாதிரி, அம்புட்டும் ஈ. வெள்ளச்சி தலையைத் திருப்பினா. "கார்டையா, அந்தப் பக்கம் ஈ இருக்குது. நெசமான ஈ." "நெசமான ஈன்னா? அப்ப இந்தப் பக்கம் என்ன பொய் ஈயா?" வெள்ளச்சி நாக்கைக் கடிச்சுக்கிட்டா. கார்டு விளிம்புகிட்டப் போகாம எட்டிப் பார்த்தாரு, எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பார்த்தாரு. "ஓகோ. வெறும் கூட்டைக் காட்டி வெள்ளைக்காரனை ஏமாத்துறீங்களா? நாளைக்கு ஒரு பய காட்டுக்குள்ள கிழங்கு தோண்டக் கால் வைக்க முடியாது, சொல்லிப்புட்டேன். தேனெடுக்கிறவனுக்கு ஈயைக் கண்டா பயமா? நகரச் சொல்லு!" இதெல்லாம் கீழே கேக்கும். பாறை இடுக்குல எந்தப் பேச்சும் கீழே இறங்கும். நான் கொடியை இறுக்கிப் பிடிச்சேன். மேலே இழுத்துரட்டுமா? இழுத்துரு. அவன் சொல்லாம இழுக்கக் கூடாது, ஒரு இழுப்பு இழுத்தா நிறுத்து, ரெண்டு இழுத்தா தூக்கு, அவன் இன்னும் ஒண்ணும் இழுக்கலை. கார்டு சொன்னது நடந்தா எல்லாக் குடிசையிலயும் அடுப்பு அணையும். அவனுக்கும் அது தெரியும். கொடி வலப்பக்கமா நகருது. மெதுவா, பாறையில காலைப் பதிச்சுப் பதிச்சு. ஐயோ, போறான். சேதி சொல்லி விட்டப்ப வராத பய, இப்ப எல்லாருக்காகவும் சாவுகிட்டப் போறான். "அடைக்குப் பக்கத்துல போயிட்டாரு அண்ணே. கையெட்டுற தூரம். வெயில் மேலே விழுது." வெள்ளச்சி குரல்ல இப்பத்தான் முதல் தடவையா ஈரம்.

அப்ப பாட்டுச் சத்தம் வந்துச்சு. தேன்பாறையில தொங்குறவன் பாடணும். ஈ தன்னைச் சொந்தமா நினைக்கட்டும்னு பாடணும், மேலே பிடிச்சிருக்கிறவனுக்குத் தன் உயிர் இருக்குதுன்னு தெரியட்டும்னு பாடணும். "மாமன் மகளே, மலையாளும் கருங்குழலி, கூட்டைக் கலைக்க வரலம்மா, கும்பிட்டுப் போக வந்தேன்." எத்தனையோ பேர் பாடிக் கேட்டிருக்கேன். இவன் குரல் மாதிரி ஒரு குரல் இல்லை. பள்ளத்துல பட்டுத் திரும்பி வந்து, பாறையே பாடுற மாதிரி இருக்கும். இதுக்குத்தான் வெள்ளச்சி இவன் பின்னால போனா, நான் அப்பவே ஒத்துக்கிட்டேன், இந்தக் குரல் உள்ளவன் கெட்டவனா இருக்க மாட்டான்னு. "பாடாம கிடக்கச் சொல்லு, வாயி ஆடினா படம் ஆடிரும்" அப்படிங்கிறாரு கார்டு. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கலை. ரெண்டு அடி ஈக்குப் பாடினான். மூணாவது அடி மாறிருச்சு. எனக்கு முதல்ல புரியலை. "ஆத்துத்தண்ணி ஆளு முங்க அக்கரையில் நான் நின்னேன், கூப்பிட்ட குரலையெல்லாம் கொண்டுபோச்சு வெள்ளமம்மா." எந்த ஆறு? இந்தப் பாட்டுல ஆறு கிடையாது. "சுமந்த சுமையை அங்கேயே போட்டுப்புட்டு ஓடியாந்தேன், தாண்டக் கொடியுமில்லை, தாங்க ஒரு மரமுமில்லை." கொடி என் கையில அதிருது, அவன் நெஞ்சுக்கூட்டுலேருந்து இடுப்புக்கு இறங்கி, கொடி வழியா ஏறி, என் விரலுக்கு வருது அந்தப் பாட்டு. காதுல கேக்கிறதுக்கு முன்னாடியே கையில கேக்குது. "அக்கா கிடந்த குடிசை அந்தா தெரியுதம்மா, எட்டிப் போக முடியாம எரியும் புகை பார்த்தேனம்மா." என் பொஞ்சாதியை இவன் அக்கான்னுதான் கூப்பிடுவான். புகை. ஈரக் கூரை. நான் தீயை வச்சேன், கறுப்பா எந்திரிச்சுது, எனக்கே கண்ணு தெரியாம நின்னேன். அதை இவன் பார்த்தானா? அக்கரையில நின்னானா? ராத்திரியெல்லாம் கத்தினானா? எனக்கு மழைச்சத்தம்தானே கேட்டுச்சு. மழை அப்படிப் பெஞ்சா கருந்தண்ணியாறு நடுக்காட்டு மரத்தையே பிடுங்கிட்டுப் போகும், அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சதை ஏன் ஒரு தடவைகூட நினைக்கலை? ஆத்து மேலே கோவப்பட முடியுமா? மழை மேலே கோவப்பட முடியுமா? கோவப்பட ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. தன்னைக் காப்பாத்திக்க ஒரு வார்த்தை அவன் வந்து சொல்லலை. கோவமா இருக்கிறவன்கிட்ட வாதாடக் கூடாதுன்னு சும்மா இருந்தான், ரெண்டு பருவம். இப்ப சாவு கையெட்டுற தூரத்துல இருக்கும்போது, செத்தா சொல்லாமப் போயிருவோமேன்னு, ஈக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றான். வெள்ளச்சி விளிம்புல படுத்தபடியே அழுறா. அவ தோள் ஆடுறது எனக்குத் தெரியுது. அவளுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும். நான் கேட்க மாட்டேன்னு எந்திரிச்சுப் போன பேச்சு இதுதான்.

"அண்ணே." மெதுவா, மூச்சு மாதிரிச் சொன்னா. "அடை மேலே அலை ஓடுது." தெரியும். பெருந்தேனீ பாயுறதுக்கு முன்னாடி அடையோட ஒரு ஓரத்துலேருந்து மறு ஓரத்துக்கு எல்லா ஈயும் ஒண்ணா வாலைத் தூக்கும், காத்துல நாணல் சாயுற மாதிரி அலை ஓடும், சீறுற சத்தம் கேக்கும். கிட்ட வராதேன்னு அர்த்தம். அசைஞ்சா முடிஞ்சுது. கூத்தன் பாட்டை நிறுத்தலை, தணிச்சான். தாலாட்டு மாதிரி ஆக்கினான். எதிர்ப்பாறையில துரை கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுட்டாரு. அவருக்கும் அசையாம இருக்கணும், ஈக்கும் அசையாம இருக்கணும். "அசையாம! அசையாம இருக்கச் சொல்லு!" கார்டு கத்துறாரு. கத்தாதீங்க ஐயா, உங்க சத்தத்துக்கே வரும். வந்துருச்சு. ஒரே ஒரு ஈ, வேவு பார்க்க வந்தது, விளிம்பு தாண்டி மேலே ஏறி எங்களைச் சுத்துது. கார்டு துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் புதருக்குள்ள ஓடிட்டாரு. ஈ வெள்ளச்சி தலைமுடிக்கு மேலே நின்னுது. மரத்தைச் சுத்துச்சு. என் முகத்துக்கு நேரா வந்துச்சு. எனக்கு ரெண்டு கையும் கூத்தன். விரட்ட இன்னொரு கை இல்லை. தலையைக்கூட ஆட்டக் கூடாது, ஆட்டினா கொடி ஆடும், கொடி ஆடினா அவன் ஆடுவான், அவன் ஆடினா எருமைத்தோல் எந்திரிச்சு மேலே விழும். ஈ என் இமைமேல உட்கார்ந்துச்சு. கால் வைக்கிறது தெரியுது. கொட்டுச்சு. தீக்குச்சியை உரசிக் கண்ணுக்குள்ள வச்ச மாதிரி, மண்டை முழுக்க வெள்ளையாயிருச்சு. ஆத்தா. கை. கையைப் பார்க்க முடியலை, கண்ணு மூடிக்கிச்சு. கை இருக்குதா? பாட்டு விரல்ல அதிருது. இருக்கு. பிடிச்சிருக்கு. நான் பயந்த கை, ராத்திரியெல்லாம் அவனைத் தள்ளின கை, என்னைக் கேக்காமலே வேரு மாதிரிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு அழுகையும் வந்துச்சு, வலியும் வந்துச்சு, எது எதுன்னு பிரிக்க முடியலை. கொடி ரெண்டு தடவை இழுபட்டுச்சு. தூக்கு.

அவசரப்பட்டா ஒரு கல்லு உருண்டாப் போதும். கிழங்கு தோண்டும்போது நுனி ஒடியாம மண்ணை வருடி வருடி எடுக்கிற மாதிரி, ஒரு கை, நிறுத்து, மறு கை, நிறுத்து. வெள்ளச்சி எந்திரிச்சு வந்து என் பின்னால நின்னு கொடியோட மிச்சத்தை வாங்கி வாங்கிச் சுருட்டினா. பாட்டு கொஞ்சம் கொஞ்சமாப் பக்கத்துல வந்துச்சு. விரல் தெரிஞ்சுது, தலை தெரிஞ்சுது, தழைமெத்தை மேலே ஏறிக் குப்புறப் படுத்துட்டான். முதுகு மேலும் கீழும் வாங்குது. ஒரு கொட்டுக்கூட இல்லை அவன் உடம்புல. அப்படி ஒரு குரல், அப்படி ஒரு பொறுமை. வெள்ளச்சி என் இமையிலேருந்து கொடுக்கை நகத்தால எடுத்தா. அதுக்குள்ள துரை பள்ளத்தைச் சுத்திக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்துட்டாரு. கூத்தன் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. முகமெல்லாம் சந்தோசம், சின்னப் பிள்ளை மாதிரி. என்னென்னமோ சொன்னாரு. புதருக்குள்ளேருந்து வந்த கார்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மொழிபெயர்த்தாரு: "இம்மாதிரி வீரனை அவரு உலகத்துல எங்கேயும் பார்த்ததில்லையாம். ஆனா வாயி ஆடினதுல முகம் கலங்கியிருக்குமோன்னு பயப்படுறாரு. இன்னொரு தடவை இறங்கணும். வாயை மூடிக்கிட்டு." கூத்தன் எந்திரிச்சான். கொடியைக் கையில எடுத்தான். அவன் முடியாதுன்னு சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும். "வேணாம் மாப்பிள்ள" அப்படின்னேன். என் குரலா அது? ரெண்டு பருவத்துக்கப்புறம் அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. கூத்தன் என்னையே பார்த்தான். நான் கொடியை அவன் கையிலேருந்து வாங்கித் தோள்ல மாட்டிக்கிட்டேன். துரை பக்கம் திரும்பினேன். அவரு பேச்சு எனக்குத் தெரியாது. வீங்கி மூடின என் கண்ணைக் காட்டினேன், பாறையைக் காட்டினேன், முடியாதுன்னு தலையை ஆட்டினேன். கார்டு ஏதோ அதட்ட வந்தாரு. துரை கையைக் காட்டி அவரை நிறுத்திட்டு, விளிம்புக்குப் போயி மண்டி போட்டுக் கீழே பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. திரும்பி வந்தப்ப முகத்துல ரத்தம் இல்லை. வெறும் அடையையும் உயிர் அடையையும் பார்த்திருப்பாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. மெதுவா என்னமோ சொன்னாரு. "போகச் சொல்றாரு" அப்படின்னாரு கார்டு. "கிழங்குக் காடு?" வெள்ளச்சி விடலை, துரையைப் பார்த்தே கேட்டா. கார்டு மொழிபெயர்க்க வேண்டியதாப் போச்சு. துரை அதுக்கும் சரின்னு தலையை ஆட்டினாரு, கார்டைப் பார்த்து ரெண்டு வார்த்தை அழுத்திச் சொன்னாரு. கார்டு வேற பக்கம் பார்த்துக்கிட்டாரு.

நடந்தோம். "சாப்பிட்டியா?"ன்னு கேட்டேன். "இல்லை மச்சான்." "என் பக்கம் கிழங்கு கிடக்குது, வாங்க." வெள்ளச்சி முன்னால போனா. கருந்தண்ணியாத்துல இப்பக் கணுக்கால் தண்ணி, கூழாங்கல்லு ஒவ்வொண்ணாத் தெரியுது. கரையில கூத்தன் நின்னுட்டான். ஒரு நீர்மருத மரத்தைக் கையால காட்டினான். மேலே, அவன் தலைக்கு மேலே இன்னொரு ஆளு நின்னாலும் எட்டாத கவட்டையில, வெள்ளம் கொண்டாந்து சொருகின நாணலும் சருகும் காஞ்சு போயி இன்னும் தொங்குது. ஒத்தைக் கண்ணால பார்த்தேன். "அம்புட்டா?" "அம்புட்டு." "நீ எங்க நின்ன?" மேட்டுல ஒரு பாறையைக் காட்டினான். நான் ஏறிப் போயி அதுமேல நின்னேன். அங்கேருந்து நேரா என் சரிவு தெரியுது. நான் குடிசை போட்டிருந்த இடம் தெரியுது. ரெண்டு பருவமா நான் கிட்டப் போகாத இடம், பச்சையா, சின்னதா. இங்கே நின்னுக்கிட்டு அந்தப் புகையைப் பார்த்தா எப்படி இருந்திருக்கும்? நான் குடிசைக்குள்ள இருந்தேன், அவகிட்ட இருந்தேன், அவ கையைப் பிடிச்சிருந்தேன். இவனுக்கு அதுகூட இல்லை. கூத்தன் பின்னாலயே ஏறி வந்து பக்கத்துல நின்னான். அப்புறம், நான் ஏதும் நினைச்சுக்குவேனோங்கிற பயத்தோட, தரையைப் பார்த்துக் கேட்டான். "அக்கா கடைசியில என்ன மச்சான் சொன்னா?" யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்லை. கேட்கிற தூரத்துல நான் யாரையும் வச்சுக்கலை. கீழே வெள்ளச்சி ஆத்துல காலை வச்சவ அப்படியே திரும்பி நின்னா. "மழை விட்டுச்சான்னு கேட்டா" அப்படின்னேன். குரல் உடைஞ்சுது. உடையட்டும்னு, முதல்லேருந்து சொல்ல ஆரம்பிச்சேன்.